குரல் நின்ற பின் இரண்டு விநாடி

புருஷன் சொல்வதை வார்த்தைக்கு வார்த்தை கேட்டு நடக்கிற பெண்டாட்டி இந்தக் காலத்தில் எங்கே இருக்கிறாள் என்று யாராவது அலுத்துக்கொண்டால், என்னைக் கைகாட்டலாம். காலை எட்டு மணியிலிருந்து மாலை ஐந்து வரைக்கும் நான் அப்படித்தான். தரையிலிருந்து அறுபது மீட்டர் உயரத்தில், ஒரே ஒரு ஆள் உட்காரக்கூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்துகொண்டு, அவர் "எறக்கு" என்றால் இறக்குவேன், "மேல" என்றால் ஏற்றுவேன். ஐந்து மணிக்கு மேல் வீட்டில் யார் சொல்வதை யார் கேட்கிறார்கள் என்பதை இங்கே சொல்லத் தேவையில்லை.

நான் டவர் கிரேன் ஓட்டுகிறவள். என் வீட்டுக்காரர் கீழே நின்று வாக்கி டாக்கியில் எனக்கு வழி சொல்கிறவர். கட்டடம் உயர உயர, சுமையை இறக்குகிற இடம் என் கண்ணுக்கு மறைந்துவிடும். அதற்கப்புறம் அவர் குரலை நம்பித்தான் வேலை. அதற்கென்று ஒரு விதி உண்டு. சுமை நகர்கிறவரை அவர் விடாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். எறக்கு, எறக்கு, எறக்கு. குரல் நின்றால் நானும் நிற்க வேண்டும். "நிறுத்து" என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பேட்டரி தீர்ந்திருக்கலாம், ஆள் மயங்கி விழுந்திருக்கலாம், எதுவாக இருந்தாலும் சத்தம் இல்லையென்றால் அசைவு இல்லை. வீட்டில் அவர் வாயை மூடினால் எனக்கு அப்பாடா என்று இருக்கும். வேலையில் மூடினால் நாலு டன் கான்கிரீட் அந்தரத்தில் நிற்கும்.

பத்து வருடமாக இப்படித்தான் பிழைப்பு ஓடியது. ஒரு கீறல் இல்லை.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு காற்று வந்தது. கம்பிக் கட்டு தொங்கிக்கொண்டிருந்த நேரம். கிரேனின் நீட்டிய கை முழுவதையும் அது பிடித்துத் திருகியது. நான் சமாளித்து இறக்கிவிட்டேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எல்லாரும் கை தட்டினார்கள். அன்றைக்கு நான் நடுங்கக்கூட இல்லை. நடுக்கம் ஒரு வாரம் கழித்து வந்தது. டீ குடிக்கும்போது, பல் தேய்க்கும்போது, காரணமே இல்லாமல். கூண்டுக்குள் ஏறி உட்கார்ந்தால் நெஞ்சு படபடவென்று அடிக்கும். லீவரில் கை வைத்தால் விரல்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. கிரேன் ஓட்டுகிறவளுக்குக் கை நடுங்கினால் அப்புறம் வீட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்க வேண்டியதுதான்.

கம்பெனி டாக்டரம்மாவிடம் போனேன். சின்ன வயசு. தேன் தடவிய குரல். எனக்கு அந்த மாதிரிக் குரலைக் கேட்டாலே எரிச்சல் வரும். எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, "உங்க இதயம் கல்லு மாதிரி இருக்கு. ஒண்ணுமில்ல" என்றாள்.

"ஒண்ணுமில்லன்னா ஏன் நடுங்குது?"

"உங்களுக்கு அந்தக் காத்து போயிருச்சு. உங்க உடம்பு இன்னும் அங்கயே நிக்குது."

"நான் மனசைத் தைரியமாத்தான் வச்சிருக்கேன் டாக்டர்."

"மனசுகிட்டப் பேசாதீங்க. அது வக்கீல் மாதிரி, பதிலுக்குப் பேசும். உடம்புகிட்ட நேராப் பேசுங்க. முதல்ல மூச்சை வெளிய விடுங்க. இழுக்குறதைவிட விடுறது ரெண்டு மடங்கு நேரம் ஆகணும். விடும்போது வாயை மூடிக்கிட்டு ம்ம்ம்னு இழுங்க. நெஞ்சு அதிரணும்."

இதற்காகவா இத்தனை வருடம் டாக்டருக்குப் படித்தாய் என்று வாய் வரைக்கும் வந்தது. அவள் விடவில்லை. இரண்டு பாதத்தையும் தரையில் ஊன்றி, பூமியைத் தள்ளுவதுபோல் அழுத்தச் சொன்னாள். தோளைக் காது வரைக்கும் தூக்கி, பொத்தென்று போடச் சொன்னாள். தலையை மெதுவாகத் திருப்பிச் சுற்றியிருக்கிற சாமான்களை ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொன்னாள். மருந்துச் சீட்டு ஒன்றும் எழுதவில்லை. எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது.

ஆனால் வேறு வழியில்லாமல் செய்தேன். மேலே தனியாகத்தானே இருக்கிறேன், யார் பார்க்கப் போகிறார்கள். முதல் வாரம் ஒரு மண்ணும் நடக்கவில்லை. இரண்டாவது வாரம், ஏழாவது எட்டாவது ம்ம்முக்கு, அடிவயிற்றில் ஏதோ ஒரு முடிச்சு அவிழ்ந்ததுபோல் இருந்தது. கொட்டாவி வந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. லீவரில் கை வைத்தேன், கை கல்லுபோல் நின்றது. அழுதுவிட்டேன் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

இதில் ஒரு கோளாறு. ஒருநாள் வாக்கி டாக்கி ரேடியோவின் பட்டனில் விரல் இருப்பது தெரியாமல் ம்ம்ம் என்று இழுத்துவிட்டேன். வேலைத் தளம் முழுக்கக் கேட்டுவிட்டது. "அண்ணி மேல தேன் எடுக்குறாங்களா?" என்று சிமெண்ட் கலக்குகிறவன் கேட்டான். அன்றிலிருந்து எனக்கு வண்டு என்று பெயர். என் வீட்டுக்காரர் இதில் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டார். "என்ன, இன்னிக்கு வண்டு வந்துருச்சா?" என்று சாப்பாட்டு நேரத்தில் கேட்பார். "உங்களுக்கும் ஒருநாள் வரும், அப்ப பாக்குறேன்" என்று நான் சொல்வேன். "எனக்கெல்லாம் நரம்பு கிடையாதும்மா, எல்லாம் கம்பிதான்" என்பார்.

சிரிக்காதவர் நெட்டையண்ணன் ஒருவர்தான். சுவர்களை நிறுத்துகிற ஃபிட்டர். ஆறடிக்கு மேல் வளர்ந்த ஆள், அதனால் அந்தப் பெயர். என்னைத் தங்கச்சி என்று கூப்பிட ஆரம்பித்தார். அந்த ஒரே சாக்கில் என் வீட்டுக்காரரை மாப்பிள்ளை என்று கூப்பிட்டு அதட்டவும் ஆரம்பித்துவிட்டார்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி. கட்டடத்தின் நடுவே வெளிச்சத்துக்காக விட்டிருந்த குழி போன்ற இடத்தில் ஒரு சுவரை இறக்க வேண்டும். ஏற்கெனவே அச்சில் வார்த்த முழுச் சுவர், நாலு டன். என் கூண்டிலிருந்து பார்த்தால் குழியின் வாய் மட்டும் தெரியும். அடியில் என் வீட்டுக்காரரும் நெட்டையண்ணனும். சுவரின் இரண்டு முனைக்கும் கீழே ஒரு இரும்புத் தகட்டை வைத்து, மட்டம் பார்த்து, அதன்மேல் சுவரை உட்கார வைக்க வேண்டும். நூறு தடவை செய்த வேலை.

காற்றுக் கருவி விநாடிக்கு எட்டு மீட்டர் வேகம் காட்டியது. பத்து வந்தால் சுவர் தூக்கக் கூடாது.

"காத்து எட்டு" என்றேன்.

"சட்டுனு முடிச்சிரலாம். எறக்கு… எறக்கு… எறக்கு…"

சுவர் குழிக்குள் மறைந்தது. கயிறு மட்டும் என் கண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. நான் வேகத்தைக் கடைசிப் படிக்குக் குறைத்தேன். அதில் சுவர் நத்தைபோலத்தான் இறங்கும்.

"எறக்கு… எறக்கு… மெதுவா எறக்கு… எறக்கு…"

டிக் என்று ஒரு சத்தம். அவர் பட்டனை விட்டுவிட்டார். குரல் நின்றது.

நான் நிறுத்தவில்லை.

இரண்டு விநாடி. ஏன் நிறுத்தவில்லை என்று வாய் திறந்து சொல்ல எனக்கு மூன்று நாள் ஆயிற்று. அந்த இரண்டு விநாடியில் சுவர் மூன்று விரல்கடை இறங்கியிருக்கும். அதற்குள் ரேடியோ திறந்துகொண்டது. அதில் என் வீட்டுக்காரர் குரல் இல்லை. நெட்டையண்ணன் அலறினார். அந்த மாதிரி ஒரு சத்தம் அவ்வளவு பெரிய ஆளிடமிருந்து வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

லீவரை விட்டேன். பிரேக் பிடித்தது. எல்லாம் நின்றது.

"என்னாச்சு?" என்று கத்தினேன். பதில் இல்லை. என் வீட்டுக்காரர் மூச்சுதான் ரேடியோவில் கேட்டது. இழுப்பு, இழுப்பு, இழுப்பு. வெளியே விடுகிற சத்தமே இல்லை. பின்னால் நெட்டையண்ணன், "கை… கை… மாப்ள, கை…" என்று முனகுகிறார்.

என் வீட்டுக்காரர் விறைத்துவிட்டார். பட்டன்மேல் இருக்கிற கட்டைவிரலும் சேர்ந்து விறைத்துவிட்டது. எங்கள் வாக்கி டாக்கியில் ஒருவர் பட்டனை அழுத்தியிருக்கிறவரை அடுத்தவர் பேசுவது அவருக்குக் கேட்காது. நான் தொண்டை கிழியக் கத்தினாலும் அது என் கூண்டைத் தாண்டாது. ஒரே நிமிடம் தொடர்ந்து அழுத்தினால் அந்தப் பெட்டியே கீ என்று கத்திவிட்டு இணைப்பைத் துண்டித்துவிடும். அதற்கப்புறம்தான் என் பேச்சு உள்ளே போகும்.

ஒரு நிமிடம்.

கை எங்கே மாட்டியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. சுவருக்கு அடியிலா, பக்கவாட்டிலா? மேலே தூக்கினால் விடுபடுமா, இல்லை சுவர் ஆடி அவரையே குழியின் பக்கச் சுவரோடு சேர்த்து நசுக்குமா? கொஞ்சம் இறக்கினால் தளருமா, இல்லை மொத்த எடையும் அந்தக் கைமேல் உட்காருமா? தெரியாமல் அசைத்தால் கொலை. ஹார்னில் கை வைக்கப் போனேன். வைக்கவில்லை. ஒரு ஹார்ன் என்றால் சுமை நகரப்போகிறது என்று அர்த்தம். அதைக் கேட்டு நெட்டையண்ணன் பயந்து கையைப் பிடுங்கினால்?

தூரத்துப் பிளாக்கிலிருந்து மஞ்சள் தொப்பி ஒன்று ஓடி வருவது தெரிந்தது. சேஃப்டி ஆபீசர். அவர் குழியில் ஏணி இறங்கி வந்து சேர நாலு நிமிடமாவது ஆகும். காற்று ஒன்பது காட்டியது.

என் கை ஆட ஆரம்பித்தது. மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரைக்கும். காதுக்குள் ஙொய் என்றது. இந்தக் கையோடு லீவரைத் தொட்டால், அரை மில்லிமீட்டர் நடுக்கம் கீழே ஒரு மனிதனின் கைமேல் போய் விழும்.

தொடவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன். பாதத்தை ஊன்றினேன். பூமி எங்கேயோ அறுபது மீட்டர் கீழே கிடக்கிறது, ஆனாலும் கூண்டின் இரும்புத் தரை இருந்தது, அதைத் தள்ளினேன். தொடை இறுகியது. மூச்சை விட்டேன். விட்டது பாதியில் அறுந்தது. மறுபடி விட்டேன். ம்ம்ம். நெஞ்சில் அதிர்வே இல்லை, தொண்டையோடு நின்றுவிட்டது. ஐயோ, இன்றைக்குப் பார்த்து வேலை செய்யவில்லையே என்று பதறினேன். பதறாதே என்று சொல்லிக்கொண்டேன், அது இன்னும் பதறியது. வக்கீல் வாதாட ஆரம்பித்துவிட்டான். நீதான் இறக்கினாய், நீதான் இறக்கினாய் என்றான்.

அவனை விட்டுவிட்டுக் கண்ணைத் திருப்பினேன். கண்ணாடியில் ஒரு விரிசல். தண்ணீர் பாட்டில். சிவப்புத் துணி. தீயணைப்பு உருளை. ஒவ்வொன்றிலும் கொஞ்ச நேரம் கண்ணை வைத்தேன். ரேடியோவில் அவர் மூச்சு இழுத்துக்கொண்டே இருந்தது. பாட்டிலைத் திறந்து தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டேன். குளிர்ச்சி கன்னத்தில் இறங்கியது. அடுத்த மூச்சு அறுபடாமல் போனது. அதற்கடுத்தது நெஞ்சில் அதிர்ந்தது. தோளைத் தூக்கிப் போட்டேன். கை இன்னும் ஆடியது, ஆனால் இப்போது அது என்னுடைய கை.

கீ என்றது ரேடியோ. இணைப்பு அறுந்தது.

"பட்டனை விடுங்க" என்றேன். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவர் மறுபடி அழுத்தியிருப்பார். "நான்தான். பேச வேணாம். பட்டனைத் தொட வேணாம். நான் சொல்றதை மட்டும் கேளுங்க. கால் ரெண்டையும் ஊணி நில்லுங்க. குதிகாலை அழுத்துங்க. இன்னும் அழுத்துங்க."

ரேடியோ அமைதியாக இருந்தது. அவர் கேட்கிறாரா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்?

"இப்ப மூச்சை விடுங்க. இழுக்காதீங்க, போதுமான அளவு இழுத்தாச்சு. விடுங்க. என்கூட விடுங்க."

பட்டனை அழுத்திக்கொண்டு ம்ம்ம்ம் என்று இழுத்தேன். தளத்தில் இருக்கிற பதினெட்டு ரேடியோவிலும் அது போயிருக்கும். வண்டு என்று சொன்ன ஒரு வாயும் அன்றைக்குத் திறக்கவில்லை.

"இன்னொண்ணு. விடுங்க."

ம்ம்ம்ம்.

"இன்னொண்ணு. கடைசி வரைக்கும் விடுங்க. காலை அழுத்துங்க."

ம்ம்ம்ம்.

நாலாவது தடவை நான் நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். டிக் என்றது. ரேடியோவில் ஒரு ம்ம் வந்தது. உடைந்து, கரகரத்து, பாதி அழுகையாக இருந்தது. என் வீட்டுக்காரர்.

"நல்லது. இப்ப சொல்லுங்க. கை எங்க இருக்கு?"

"அடியில… வலது முனைக்கு அடியில. இடது முனை தகட்டுமேல உக்காந்துருச்சு. வலதுல… தகடு நழுவிருச்சு, சரி பண்ணக் கை விட்டாரு…"

"தூக்கட்டுமா?"

"சட்டுனு தூக்கிராத! தூக்குனா சுவரு குழிச் செவுத்துப் பக்கம் சாயும். அவரு நடுவுல குனிஞ்சிருக்காரு."

"சரி. சாயாம எவ்வளவு தூக்கணும்?"

கொஞ்ச நேரம் மூச்சு மட்டும். இந்தத் தடவை அது வெளியே போகிற மூச்சு.

"ஒரு விரக்கடை. போதும். அதுக்கு மேல ஒரு நூலு கூட வேணாம்."

"சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் அசையும்."

லீவரில் கை வைத்தேன். நின்றது. காற்று ஒன்பதரை.

"மேல…" என்றார். "மேல… மேல…"

கயிறு முறுக்கேறி முனகியது. கயிறு இறுகுகிறவரைதான் இது, இன்னும் சுவர் அசையவில்லை என்று என் உள்ளங்கைக்குத் தெரிந்தது.

"மேல… மேல…"

குரல் நின்றது.

நான் நின்றேன். அந்தக் கணமே. அரை விநாடிகூட இல்லை. கீழே என்ன என்று தெரியவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று. ம்ம்ம் என்று விட்டேன். நாலு, ஐந்து.

"இருக்கேன்" என்றார். "வேர்வை கண்ணுல விழுந்துருச்சு. மேல… மேல… மேல… வந்துருச்சு! நிறுத்து! கை வெளிய வந்துருச்சு!"

சுவரை அந்தக் குழியிலிருந்து தூக்கி, பழைய இடத்தில் படுக்க வைக்கிறவரை அவர் குரல் ஒருமுறைகூட உடையவில்லை. நான் ஏணி இறங்கித் தரைக்கு வருவதற்குள் ஆம்புலன்ஸ் போய்விட்டிருந்தது.

சேஃப்டி ஆபீசர் அறையில் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்தார். படிவத்தை எடுத்து, பேனாவைத் திறந்து, என்ன நடந்தது என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"என் தப்பு சார். வாய மூட வேண்டிய நேரத்துல எறக்குன்னு சொல்லிட்டேன்."

ஆபீசர் என்னைப் பார்த்தார். "அப்படியாம்மா?"

பத்து வருடத்தில் நான் சொன்ன பொய்யெல்லாம் சில்லறை. இது பெரிய பொய், ஒரே எழுத்தில் சொன்னேன்.

"ம்" என்றேன்.

என் வீட்டுக்காரரை அன்றைக்கே வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்.

வீட்டில் இரண்டு நாள் ஒரு பேச்சு இல்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோள் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டிருந்தது. தட்டில் வைத்த சோறு காய்ந்தது. பொறுக்க முடியாமல் பின்னால் போய் நின்று, "தோளைக் கொஞ்சம் எறக்குங்க" என்றேன்.

"எறக்கு எறக்குன்னு சொல்லாத!" என்று எகிறினார். தட்டு கீழே விழுந்தது. அப்புறம் அவரே குனிந்து பொறுக்கினார். நானும் குனிந்தேன். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சோற்றுப் பருக்கைகளை எடுத்தோம். நான் ஏன் அவருக்குத் துரோகம் செய்கிறேன் என்று எனக்குப் புரிந்தே இருந்தது. பயம். கூண்டை விட்டுவிட்டு நான் யார்?

மூன்றாம் நாள் நெட்டையண்ணனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். என் வீட்டுக்காரர் வாசலோடு நின்றுவிட்டார், உள்ளே வர மனசில்லை என்றார். கட்டிலின் நீளம் போதாமல் நெட்டையண்ணனின் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வலது கை முழுக்கக் கட்டு.

"வா தங்கச்சி. வெரலு அஞ்சும் இருக்கு. ரெண்டு மடங்குமான்னு ஆறு மாசம் கழிச்சுத்தான் தெரியுமாம்."

ஃபிட்டருக்கு விரல் மடங்காவிட்டால் என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"மாப்ள கையில இருந்த ரேடியோ எனக்கு நாலடியிலதான் இருந்துச்சு" என்றார். "நீ ம்ம்முன்னு இழுத்தது எல்லாம் கேட்டேன். கையப் பிடுங்கு பிடுங்குன்னு ஒடம்பு கெடந்து துடிக்குது. நீ அவரை மூச்ச விடச் சொன்ன. நான் விட்டேன். கால ஊணச் சொன்ன. நான் முட்டியை ஊணுனேன். பிடுங்கியிருந்தா ரெண்டு வெரலு அங்கயே கெடந்திருக்கும்னு டாக்டர் சொன்னாரு."

நன்றி சொல்கிறார் என்று புரிந்தது. எனக்கு அந்த இடத்தில் உட்கார முடியவில்லை.

"அண்ணே. அவரு எறக்குன்னு சொல்லல."

"தெரியும்."

"குரல் நின்னுச்சு. நான்தான் நிக்கல."

"தெரியும்னு சொல்றேன்ல. நாலடி தள்ளி நின்னவரு வாய மூடுனது எனக்குக் கேக்காதா? அது நின்னுச்சுன்னுதான் கையவே உள்ள விட்டேன்."

ஜன்னல் பக்கம் ஒரு நர்ஸ் மருந்துத் தட்டை வைத்துவிட்டுப் போனாள்.

"ஆபீசர் இங்க வந்து கேட்டப்ப ஏன் சொல்லல?" என்றேன்.

"நீ சொல்லுவியான்னு பாத்தேன்."

"என்மேல கோவமா இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றார் நெட்டையண்ணன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "ரொம்ப இருக்கேன் தங்கச்சி. போ."

வாசலில் நின்றிருந்த என் வீட்டுக்காரரிடம், ஆபீசுக்குப் போகலாம் என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. வண்டியை எடுத்தார். வழி நெடுக அவர் முதுகு பலகைபோல் விறைத்திருந்தது.

சேஃப்டி ஆபீசர் படிவத்தை மறுபடி எடுத்தார். நான் சொல்லச் சொல்ல, எழுதியதைக் கோடு போட்டு அடித்தார். பாதியில் பேனாவை நிறுத்தினார்.

"இதை எழுதிட்டா உங்க லைசென்ஸ் என் கையில இல்லம்மா. தெரியுமில்ல?"

"தெரியும்."

"எத்தனை செகண்ட் ஓடுச்சு?"

"ரெண்டு."

"அது எப்படி அவ்வளவு சரியாச் சொல்றீங்க?"

"பேச்சு நடுவுல இவரு செருமுவாரு சார். அந்தச் சத்தம் என் காதுல விழக் கூடாதுன்னு பட்டனை விட்டுட்டுச் செருமுவாரு. ரெண்டு செகண்ட் ஆகும். கல்யாணம் ஆன நாள்லேருந்து ரெண்டே செகண்டுதான். வேற யாராவது கீழ நின்னா உடனே நிறுத்தியிருப்பேன். இவருக்கு நான் நிறுத்துறதில்ல. அடுத்து என்ன சொல்லப் போறாருன்னு எனக்குத்தான் தெரியுமே."

ஆபீசர் எழுதினார். என் வீட்டுக்காரர் மூன்று நாளில் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"அன்னிக்கு நான் செருமல" என்றார். "உன்னை நிறுத்தத்தான் நிறுத்துனேன்."

"ஆமாங்க" என்றேன்.